இரும்பு கொண்டு போனால் ஐந்நூறு: மீனாட்சிபுரத்து மௌனிகா அக்காவின் மடக்குக் கத்தி

இன்று நான் பார்த்துவிட்டு வந்தது மௌனிகா அக்காவை. மீனாட்சிபுரத்தில், மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட சின்னப் பட்டறையில் மடக்குக் கத்தி செய்கிறவர். பொள்ளாச்சி திரும்பும் பஸ்ஸில் உட்கார்ந்தே இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். வண்டி குலுங்குகிறது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் போய் நிதானமாக எழுதலாம் என்றால் மனசு கேட்கவில்லை.

போன வாரம் பொள்ளாச்சிச் சந்தையில் ஒரு இளநீர்க்காரர் சட்டைப் பையிலிருந்து ஒரு கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்தார். விரல் நீளம். கறுப்புப் பிடி. திறக்கும்போது ஒரு ‘டக்’, மூடும்போது ஒரு ‘டக்’. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் நான் நின்றுவிட்டேன். கடையில் வாங்கும் கத்திகள் இப்படிப் பேசாது. எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டேன். “மீனாட்சிபுரத்துல மௌனிகான்னு கேளுங்க. ஐந்நூறு ரூவா” என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஐந்நூறு ரூபாய்த் தாள் ஒன்றை மடித்து வைத்துக்கொண்டு இன்று காலை கிளம்பிவிட்டேன்.

வாசலில் ஒருவர் மாடு கழுவிக்கொண்டிருந்தார். அக்காவின் கணவர் தங்கதுரை அண்ணன்.

“கத்திக்கா, பாலுக்கா?” என்றார் நிமிராமலே.

“கத்திக்குங்க.”

“அப்பப் பொறத்தால போங்க. பாலுன்னா எங்கிட்டயே சோலி முடிஞ்சிருக்கும்.”

பின்னால் போனால் சுடிதாருக்கு மேல் ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டை, நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்ட கண்ணாடி, கையில் அரம் என்று மௌனிகா அக்கா உட்கார்ந்திருந்தார். முப்பத்து மூன்று, முப்பத்து நான்கு வயதிருக்கும். பட்டறை முழுக்கப் பழம்பொரி வாசனை, நம் வாழைப்பழ பஜ்ஜிதான். சத்தியமாகப் பழம்பொரி வாசனை! எங்கோ டீக்கடை இருக்கிறது என்று நினைத்துச் சுற்றிப் பார்த்தேன்.

“எனக்கு ஒரு கத்தி வேணுங்க்கா.”

“செஞ்சர்லாமுங்க தம்பி. இரும்பு எங்கீங்க?”

நான் என் கையைப் பார்த்தேன். “என்ன இரும்பு?”

“கத்திக்கு இரும்பு.”

துணி எடுக்காமல் தையல்கடைக்கு வந்தவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். கோபமில்லை, வியப்புதான். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

விஷயம் இதுதான். அக்கா பிறந்தது கொல்லங்கோட்டில். அவர் அப்பாவுக்கு அங்கே இரும்புப் பட்டறை. அரிவாளோ ஏர்க்கொழுவோ, யார் எதைச் செய்யச் சொன்னாலும் இரும்பை அவர்களே கொண்டு வர வேண்டும். அப்பா கைவேலைக் கூலி மட்டும் வாங்குவார். அது அங்கே எழுதாத ஏற்பாடு. அக்கா ஐடிஐயில் ஃபிட்டர் படித்தார், கிணத்துக்கடவுப் பக்கம் ஒரு பம்ப் கம்பெனியில் ஆறு வருஷம் வேலை பார்த்தார். குழந்தை பிறந்ததும் நின்றார். ஆனாலும் சொந்தமாகக் கத்தி செய்ய உட்கார்ந்தபோது அப்பாவின் வழக்கம்தான் கைக்கு வந்தது.

“முதல் கத்தி ஆருக்குங்க்கா?”

“இவருக்குத்தான். புல்லுக்கட்டுக் கவுறு அறுக்கறக்கு இடுப்புல மடக்காத சும்மா கத்தியச் செருகிக்குவாரு. ரெண்டு லுங்கி கிழிஞ்சுது. மூணாவது தடவ லுங்கியோட நிக்கலீங்க, தொடைல ஆறு தையல்.”

“அதையெல்லாம் எதுக்கு அந்தப் பையன்கிட்டச் சொல்ற?” என்று கொட்டகையிலிருந்து குரல் வந்தது.

“சொல்லத்தான் செய்வேன். அதுல இருந்துதான் தொழிலே!”

அண்ணன் அந்த மடக்குக் கத்தியைப் பால் சொசைட்டிக்குக் கொண்டு போனார். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் வாங்கித் திறந்து மூடி, திறந்து மூடிப் பார்த்தார்கள். மறுநாள் ஒருவர் உழவு டிராக்டரின் உடைந்த பிளேடோடு வந்தார். இன்னொருவர் கிணற்று மோட்டார் பேரிங்கோடு வந்தார். யாருக்கும் அக்கா ‘இரும்பு கொண்டு வாங்க’ என்று சொல்லவில்லை. அவர்களாகவே கொண்டு வந்தார்கள்.

கூலி எப்படி ஐந்நூறு ஆனது என்று கேட்டேன். பத்துக் கத்தியை ஒன்றாக ஆரம்பித்தால் பத்து நாளில் முடியுமாம். அப்படிப் பார்த்தால் ஒரு கத்திக்கு ஒரு நாள். தென்னந்தோப்பில் ஒரு நாள் வேலைக்குப் போனால் என்ன கிடைக்குமோ, அதுதான் கூலி. நான் இவ்வளவு நாள் எத்தனையோ கத்தி வாங்கியிருக்கிறேன், விலை இப்படி ஒரு இடத்திலிருந்து வரும் என்று நினைத்ததே இல்லை.

அண்ணன் டீயோடு வந்தார். எனக்கு ஒரு டம்ளர் கொடுத்துவிட்டுச் சொன்னார்: “இன்னிக்கு இடுக்கியிலிருந்து ஒரு பார்ட்டி வருதுங்க. நாப்பது கத்தி. அது கெடச்சா இவ பட்டறைல இருப்பா. கெடைக்காட்டித் திங்கக்கெழம பழைய கம்பெனிக்கே பஸ்ஸு ஏறிருவா. சூப்பர்வைசர் போன் பண்ணீட்டாரு, எடம் காலியா இருக்குதாமா.”

“உங்களுக்கு எது இஷ்டம்?” என்று அக்காவைக் கேட்டேன்.

அவர் கையிலிருந்த கத்தியை என் காதருகே வைத்து மூடினார். டக்.

“போதுங்களா?”

போதும் அக்கா. புரிந்தது.

அப்போது ஆறுமுகசாமி என்ற தோட்டக்காரர் வந்தார். எருத்தேன்பதிப் பக்கம் தென்னை வைத்திருக்கிறார், அறுபது வயதிருக்கும். சாக்கில் சுற்றி ஒரு இரும்புத் துண்டு. அக்கா வாங்கிச் சாணைச் சக்கரத்தில் லேசாகத் தொட்டார். பொறி நீளமாக, மஞ்சளாக, நுனியில் பூப்போல வெடிக்காமல் ஓடியது.

“பெரியப்பா, இது வாசக் கேட்டுக் கம்பி, வெறும் இளக்கம். இதுல கத்தி செஞ்சா வாழப்பழம்கூட யோசிச்சுத்தான் அறுபடும்.”

“போன வருசம் இதே கம்பில அருவா அடிச்சுக் குடுத்தானே ஒருத்தன்?”

“அந்த அருவா இப்ப எங்க?”

“கோழிக்கூண்டுக்கு முட்டுக் குடுத்திருக்கறேன்.”

“அப்ப அதுக்கு ஏத்த வேலைதான் குடுத்திருக்கறீங்க!”

பெரியப்பா சிரித்துக்கொண்டே ஓரமாக உட்கார்ந்துவிட்டார். இடுக்கிப் பார்ட்டியைப் பார்க்காமல் போவதாக இல்லை.

காத்திருந்த நேரத்தில் நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். அந்த ‘டக்’ எங்கிருந்து வருகிறது? பிடிக்குள் முதுகுப் பக்கமாக ஒரு பட்டை இருக்கிறது. அதை வில் என்கிறார். நாம் திறக்கும்போது அலகின் அடிப்பாகம் அந்த வில்லைத் தள்ளித் தூக்கும். அலகு சரியான இடத்துக்கு வந்ததும் வில் இறங்கி உட்காரும். அதுதான் சத்தம். அலகு ரொம்பக் கெட்டி, வில் கொஞ்சம் இளக்கம். இரண்டும் ஒரே இரும்புதான், சூட்டில்தான் வித்தியாசம். அடுப்பில் சிவக்க வைத்து, ஒரு பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கிட்டே கொண்டு போவார். காந்தம் ஒட்டாமல் போகும் அந்த நிமிஷம் எண்ணெயில் முக்க வேண்டும். டீக்கடையில் பலகாரம் சுட்டு மிஞ்சிய எண்ணெய்! பழம்பொரி வாசனையின் ரகசியம் அதுதான். பிறகு ஒரு சின்ன ஓவனில் மறுபடி மெதுவாகச் சூடு. அலகு வைக்கோல் நிறத்துக்கு வந்ததும் எடுத்துவிடுவார். வில் நீலமாகிற வரை விடுவார். பிடிக்கு வைரம் பாய்ந்த பனைமரச் சிராய். கறுப்பில் மஞ்சள் கோடு ஓடும், ஒரு கத்தி மாதிரி இன்னொன்று இருக்காது.

அப்புறம் அரம். ஒரு இழுப்பு, பொருத்திப் பார்ப்பார், காதில் வைத்துக் கேட்பார், மறுபடி ஒரு இழுப்பு. மூடும்போது விளிம்பு உள்ளே இரும்பில் இடித்தால் கூர் போய்விடும், இடிக்கக் கூடாது. ஆனால் ஆடவும் கூடாது. ஒரு இழுப்பு அதிகமாகிப்போனால் அந்த வில் வீண். நான் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தேன்.

பதினொரு மணிவாக்கில் இடுக்கி நம்பர் போட்ட ஜீப் ஒன்று வந்து நின்றது. இறங்கியவர் ஜிதின். வண்டன்மேட்டில் ஏலத்தோட்டத்துக்கு நடுவே ஹோம்ஸ்டே நடத்துகிறவர். வருகிற விருந்தினருக்கு விற்கத்தான் நாற்பது கத்தி கேட்டிருந்தார். கம்பம், தேனி, பழனி, பொள்ளாச்சி என்று சுற்றி, விடியுமுன்னே கிளம்பி வந்திருக்கிறார்.

“சேச்சி, ஞான் ஜிதின்!” பின்கதவைத் திறந்தார். உள்ளே பெரிய அட்டைப்பெட்டி, செய்தித்தாள் விரித்துத் தயாராக இருந்தது.

அக்கா ஜீப்புக்குள் எட்டிப் பார்த்தார். ஜிதின் பட்டறைக்குள் எட்டிப் பார்த்தார்.

“இரும்பு எங்கீங்க?”

“கத்தி எவிடே சேச்சி?”

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“போச்சு” என்றார் தங்கதுரை அண்ணன்.

“போன்ல அஞ்சூறுன்னல்லே சொன்னது?” ஜிதின் கேட்டார்.

“ஆமாங்க.”

“நாப்பதுன்னு ஞான் சொன்னேன்.”

“சொன்னீங்க.”

“வியாழக்கெழம வருவேன்னு சொன்னேன்.”

“வந்துட்டீங்க.”

“பின்னே?”

“இரும்பக் கொண்டாருவீங்கன்னு காத்துட்டு இருந்தனுங்க.”

“எங்க தோட்டத்துல மொளகு பறிக்கற பாண்டித்துரை இங்கதானே கத்தி செஞ்சான்? அவனும் அஞ்சூறுன்னுதானே சொன்னான்!”

“அவரு ஜீப்போட பழைய ஸ்பிரிங் பட்டை கொண்டாந்தாருங்களே.”

“அத அவன் சொல்லலியே!”

ஓரத்திலிருந்து ஆறுமுகசாமிப் பெரியப்பா பேச்சில் நுழைந்தார். “ஏனுங் தம்பி, சோறு தின்னேன்னு சொல்றவன் எல போட்டுத் தின்னேன்னு தனியாச் சொல்லுவானா? அப்பிடித்தான் இதும்.”

ஜிதினுக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த மாதம் சீசன். பக்கத்துத் தோட்டக்காரர்களிடமெல்லாம் சொல்லி வைத்துவிட்டாராம். கதவைச் சாத்திவிட்டு ஜீப்பில் சாய்ந்து நின்றார்.

அண்ணன் அக்காவைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கூட்டிப்போனார். மெதுவாகப் பேசுவதாக அவருக்கு நினைப்பு, எங்கள் எல்லோருக்கும் கேட்டது. “மௌனி, அஞ்சூறுக்கே ஒத்துக்க. பழைய இரும்பு வாங்கற ஆக்கிரிக் கடைல பட்டை கிலோக் கணக்குல கெடக்குது, நான் போய் அள்ளிட்டு வர்றேன். நாப்பதையும் அடிச்சுக் குடுத்துரு. இல்லாட்டி பஸ்ஸுதான், பாத்துக்க.”

“அது ஆரூட்டு இரும்புன்னு தெரியுங்களா மாமா?”

“இரும்புக்கு என்ன ஊடு வாசலு?”

அக்கா பட்டறைக்குள் போனார். பிடி போடாத இரண்டு அலகுகளைக் கொண்டு வந்தார். பார்க்க இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன. முதல் அலகின் முனையை மேஜையில் மாட்டியிருந்த வைஸில் வைத்து இறுக்கினார். மறுமுனையில் ஒரு குழாயைச் செருகி அமுக்கினார். வளைந்தது, விட்டதும் நிமிர்ந்துவிட்டது. இரண்டாவதையும் அதேபோல அமுக்கினார்.

பட்டென்று முறிந்தது. நான் ஸ்டூலோடு பின்னால் நகர்ந்துவிட்டேன்.

“ரெண்டும் நாந்தானுங்க செஞ்சது. ஒரே சூடு, ஒரே எண்ண. மொதல்து தெரிஞ்சவங்க கொண்டாந்தது. ரெண்டாவது ஆக்கிரிக் கடைல நானே வாங்கிட்டு வந்து செஞ்சு பாத்தது.” முறிந்த வாயை ஜிதினிடம் காட்டினார். பாதி பளபளப்பு, பாதி கறுப்பு. “கறுப்பா இருக்கறது பழைய விரிசலுங்க. வண்டில ஓடறப்பவே விழுந்தது. வெளில தெரியாது.”

“அப்ப ஆளுங்க கொண்டு வர்ற இரும்புல இது இருக்காதா?”

“இருக்குமுங்க. ஆனா முறிஞ்சா எங்கிட்டச் சண்டைக்கு வர மாட்டாங்க. ‘என்ற இரும்பு ஏமாத்தீருச்சு’ன்னு வேற துண்டு கொண்டாருவாங்க. உங்க ஊட்டுக்கு வர்றவங்க அப்பிடியா? மாம்பழம் நறுக்கறப்ப முறிஞ்சு கைல ஏறுச்சுன்னா, அந்தக் கைக்கு ஆரு பொறுப்பு?”

ஜிதின் முறிந்த துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “சேச்சி, பொண்ணு பாக்க வந்த எடத்துல ஜாதகம் பாக்கற மாதிரியல்லே இரும்பு பாக்கறீங்க” என்றார். முகத்தில் லேசாகச் சிரிப்பு. “செரி. ஞான் இரும்பத் தூக்கிட்டு மறுபடி மலையெறங்கி வர முடியாது. நீங்களே இரும்பு போடுங்க. வெல சொல்லுங்க.”

இங்கேதான் நான் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டேன். ஏனென்றால் அக்காவுக்குச் சொல்லத் தெரியவில்லை. தன் இரும்பில் செய்து இதுவரை ஒரு கத்திகூட விற்றதில்லை அவர். கூலி தெரியும். விலை தெரியாது. சட்டைக் கையை மடித்தார், இறக்கினார். எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். அண்ணன் எட்டு விரலைத் தூக்கிக் காட்டினார், எண்ணூறு என்று.

“கோயமுத்தூர்ல புதுப் பட்டை வாங்கோணும்” என்று தனக்குத்தானே சொல்வதுபோல ஆரம்பித்தார். “ஒவ்வொரு பட்டைலயும் ஒரு துண்டு முறிச்சுப் பாக்கோணும். என்ற கைக்கூலி. ஆணிக்குப் பித்தளை, பிடிக்குப் பனஞ்சிராய். உங்க ஊர்ல ஒன்னு முறிஞ்சா வேற செஞ்சு அனுப்போணும்...” நிமிர்ந்தார். “ஆயிரத்து நூறுங்க.”

அண்ணனின் விரல்கள் அப்படியே நின்றன.

“ஆயிரம்னு வெச்சுக்கலாம்” என்றார் ஜிதின். “அந்த நூறு எதுக்கு?”

“பத்துக்கு ஒன்னு என்ற கைலயே கெட்டுப் போயிருமுங்க. சூட்டுல வளையும், இல்லாட்டி அரம் ஒரு இழுப்பு சாஸ்தியாயிரும். அது உங்க கண்ணுக்கே வராது. அதச் செஞ்ச நாளுக்கு ஆரு குடுப்பா?”

ஜிதின் போனை எடுத்துக்கொண்டு மாடுகள் பக்கம் போனார். ஹோம்ஸ்டேயின் வரவு செலவெல்லாம் அவர் மனைவி ஆன்மேரி கையிலாம். வீடியோவில் முறிந்த துண்டைக் காட்டினார், முழு அலகைக் காட்டினார், ஒரு மாடு இடையில் தலையை நீட்டியதால் அதையும் காட்டினார். பத்து நிமிஷம். அக்கா அரத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அது எப்போதோ சுத்தமாகிவிட்டது.

திரும்பி வந்து ஜிதின் சொன்னார்: “இருபது. வெச்சிருக்கற பைசாவுக்கு அதான் வரும். ஆயிரத்து நூறே ஆகட்டும், ஆன்மேரி அதுல ஒன்னும் சொல்லல. கொறைக்க வேண்டாம்னுதான் சொன்னா.”

நாற்பது இருபதாகிவிட்டது. அக்காவின் முகம் ஒரு கணம் வாடியதைப் பார்த்தேன். எதிர்பார்த்திருந்தது நாற்பது அல்லவா?

“செரிங்க. இருபது” என்றார் அக்கா.

“எனக்குன்னு மட்டும் ஒன்னு வேணும் சேச்சி. அதுக்கு ஞானே இரும்பு கொண்டு வர்றேன். அஞ்சூறு?”

“கொண்டாங்க. அஞ்சூறுதானுங்க.”

“பாத்தீங்களா, அதுக்குள்ள நம்மூருக்காரனாயிட்டான்” என்றார் பெரியப்பா.

ஜீப் போன பிறகு அண்ணன் கேட்டார். “அப்பத் திங்கக்கெழம?”

“போகலீங் மாமா.”

“இருபதுதானே மௌனி. அது முடிஞ்சா?”

“இத்தன நாளா இரும்பு வெச்சிருக்கறவங்களுக்கு மட்டுந்தானே செஞ்சேன்? இரும்பு இல்லீன்னு எத்தன பேரு திரும்பிப் போனாங்க. என்ன வெல சொல்றதுன்னு தெரியாமத்தானே அனுப்புனேன்? இனி சொல்லிப்போடுவேன்.” என் பக்கம் திரும்பினார். “இந்தத் தம்பியவே பாருங்க, வெறுங்கையோட வந்து உக்காந்திருக்குது.”

அண்ணன் பிறகு போனை எடுத்துச் சூப்பர்வைசர் எண்ணைப் போட்டு அக்கா கையில் கொடுத்தார். “நீயே சொல்லிரு. நான் சொன்னா என்னையத்தான் ஏசுவாரு.” அக்கா சொன்னார். நல்லபடியாகத்தான் பேசினார், இரண்டு மூன்று முறை ‘இல்லீங்க சார்’ என்றார். வைத்த பிறகு கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டு, அரத்தைக் கையில் எடுத்தார். நான் போய்வருகிறேன் என்று சொன்னது அவர் காதில் விழுந்ததா என்றே தெரியவில்லை. என் ஐந்நூறு ரூபாய்த் தாள் மடித்தபடியே பையில் இருக்கிறது, அடுத்த தடவை இரும்போடு போக வேண்டும்.

நண்பர்களே, சித்தூர், கொல்லங்கோடு, பொள்ளாச்சிப் பக்கம் உங்களுக்குத் தெரிந்த குழுக்களில் எல்லாம் இதைப் போட்டுவிடுங்கள். அப்படியே ஒரு நாள் நேரில் போய்வாருங்கள். மீனாட்சிபுரம் பஸ் ஸ்டாப்பில் இறங்கி, பால் சொசைட்டியில் கத்திக்கார மௌனிகா என்று கேட்டால் யார் வேண்டுமானாலும் காட்டுவார்கள். காலைப் பால் கறவை முடிந்த பிறகு போனால் நிதானமாகப் பேச முடியும். உங்கள் வீட்டில் உடைந்த டிராக்டர் பிளேடு, தேய்ந்த பேரிங், வண்டிப் பட்டை ஏதாவது கிடந்தால் கையோடு எடுத்துப் போங்கள், கேட்டுக் கம்பி மட்டும் வேண்டாம். ஒன்றும் இல்லையென்றால் ஆயிரத்து நூறு கொண்டு போங்கள். அந்த நூறைக் குறைக்கச் சொல்லி மட்டும் கேட்காதீர்கள்.